காணாததைத் தேடும் முறை



கண்ணுக்குத் தெரியாத வஸ்து ஒன்று இருக்கிறதென்று சொல்வது பெரிய காரியமல்ல, யாரும் சொல்லிவிடலாம். எது நடந்தால் அது உண்டென்று ஒப்புக்கொள்வோம், எது நடந்தால் விட்டுவிடுவோம் என்று முன்கூட்டியே சொல்லத் துணிவதுதான் காரியம். அப்படித் துணிந்தவர்களின் சங்கதி ஒன்றை இன்று எடுத்துச் சொல்ல ஆசைப்படுகிறோம்.

அணுக்கருச் சிதைவில் சக்திக் கணக்கு நேராகாததைக் கண்ட பௌலி என்னும் அறிஞர், யாரும் காணாத துகளொன்று மிச்சத்தைக் கொண்டுபோகிறதென்று 1930-ல் யூகித்தார். 1956-ல் நியூட்ரினோ பரீட்சையில் பிடிபட்ட பிறகே யூகம் உண்மையாயிற்று.

இன்றும் அதே வழியில்தான் தேடுகிறார்கள். கேயான் என்பது 1947-ல் வெளிப்பட்ட மேசான் வகை. பிறந்த க்ஷணமே சிதைந்துவிடும். மின்னேற்றமில்லாத கேயான் ஒரு பையானாகவும் இரண்டு நியூட்ரினோக்களாகவும் உடைவது, 10,000 கோடியில் சுமார் 3 தடவையே நடக்கவேண்டுமென்பது கணக்கு. நியூட்ரினோ கருவியில் அகப்படாது; பையான் மட்டுமே தெரியும். அது கணக்குக்கு மேல் தென்பட்டால், இதுவரை அறியாத எடை குறைந்த துகளொன்று கூடவே நழுவியதோ என்று சந்தேகிக்க இடமுண்டு. சந்தை நெரிசலில் புது ஆள் தெரியமாட்டான். ஆளில்லாத தெருவில் தெரிவான். அபூர்வச் சிதைவைத் தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுதான்.

ஜப்பானில் நடக்கும் கோட்டோ என்னும் பரீட்சையில், ஒன்றுகூட எதிர்பாராத இடத்தில் 4 அடையாளங்கள் தெரிந்ததாக 2019-ல் சொல்லப்பட்டது. உடனே சில பண்டிதர்கள் புதுத் துகள்களுக்குக் கணக்கெழுதலானார்கள். பரீட்சை செய்தவர்களோ தங்கள் கருவியையே குறுக்கு விசாரணை செய்தார்கள். 4 என்பது 3 ஆயிற்று. கற்றையில் கலந்துவந்த மின்னேற்றமுள்ள கேயான்கள் முதலியவை போலி அடையாளம் காட்டுமென்றும், அப்போலிகளே சராசரி 1.22 வருமென்றும் கண்டார்கள். ஆகையால் 3 என்பது புதுத் துகளுக்கு ருஜுவாகாதென்று 2021-ல் தாங்களே அச்சிட்டு வெளியிட்டார்கள். போலிகளைத் தடுக்கக் கருவி சேர்த்து அவ்வருஷம் மறுபடி பார்த்ததில் ஒன்றுகூட இல்லை.

இது வீண் வேலையா? அல்லவே அல்ல! இச்சிதைவு 100 கோடியில் சுமார் 2-க்கு மேல் நடப்பதற்கில்லை என்று அதனால் தெரிந்தது. ஒளிய இடம் அவ்வளவுக்குக் குறைந்தது. தேடலும் நிற்கவில்லை.

ஆகவே தோழர்களே, காணாத வஸ்துவைப்பற்றி யார் வந்து சொன்னாலும், எது நடந்தால் இல்லையென்று ஒப்புக்கொள்வீரென்று முதலில் கேளுங்கள். பதில் சொல்லக்கூடியவரோடு மேற்கொண்டு பேசலாம்.