ஒரே மசோதாவில் ஒன்பது விஷயங்கள்

(தொழிற்சங்க ஊழியர் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மே தினம் பிறந்த சிகாகோ நகரம் அமெரிக்காவின் இல்லினாய் ராஜ்யத்தில் இருக்கிறது. அந்த ராஜ்யத்தின் மின்சாரச் சட்டங்களை இன்று நாம் பார்ப்போம். மசோதாக்கள் எப்படித் தயாராகின்றன, செலவு யார் தலையில் விழுகிறது என்பதற்கு இது நல்ல பாடம்.

அங்கே சுமார் பத்தாண்டுக் காலம் மின்கட்டணம் உயராமல் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. 2007 ஜனவரியில் அந்தக் கட்டு அவிழ்ந்தது. கட்டணம் கிடுகிடுவென ஏறியது. ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். சுமார் 100 கோடி டாலர் நிவாரணம் கொடுக்க நேர்ந்தது. அதே ஆண்டு இல்லினாய் மின்சார ஏஜென்சி பிறந்தது. காமன்வெல்த் எடிசன், அமேரன் கம்பெனிகளின் வாடிக்கையாளருக்கு மின்சாரம் வாங்கத் திட்டமிடுவது அதன் வேலை. ஜனங்களின் கோபம் பெற்ற பிள்ளை அது!

2016 சட்டம், சூரிய, காற்று மின்சாரத்துக்கு நீண்டகாலத் திட்டம் போடும் பொறுப்பை ஏஜென்சிக்குக் கொடுத்தது. நல்லது. அதே சட்டம் எக்ஸலான் கம்பெனியின் இரண்டு அணுமின் நிலையங்களுக்கு, பத்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் சுமார் 23.5 கோடி டாலர் கொடுக்கவும் வழி செய்தது. கொடுப்பவர் யார்? மின்சார பில் கட்டுகிறவர்!

எக்ஸலானின் துணைக் கம்பெனியாகிய காமன்வெல்த் எடிசன், சபாநாயகர் மைக்கேல் மாடிகனின் தயவைப் பெற அவருடைய ஆட்களுக்கு வேலையும் காண்டிராக்டும் கொடுத்ததை 2020 ஜூலையில் ஒப்புக்கொண்டது. அபராதம் 20 கோடி டாலர். மாடிகனுக்கு 2025-ல் ஏழரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

2021 செப்டம்பரில் ஏறத்தாழ 1000 பக்க மசோதா வந்தது. ஏஜென்சிக்கு அதிகாரம் கூடியது. அதோடு நிலக்கரி மின் நிலையங்களை மூடக் கெடு, அங்கே வேலையிழப்போருக்குப் பாதுகாப்பு, கட்டுமானத் தொழிலாளரின் கூலி விதி, மின்சார மோட்டார் வாங்க மானியம், குடும்பத்தார் மின்கம்பெனியில் வேலை பார்த்தால் பதவியிலிருப்போர் அதை அறிவிக்கும் விதி—எல்லாம் ஒரே மூட்டை! மேலும் மூன்று அணுமின் நிலையங்களுக்கு ஐந்தாண்டில் சுமார் 69.4 கோடி டாலர். பைரன் நிலையத்தை மூடுவதற்குக் கம்பெனி குறித்த தேதி செப்டம்பர் 13. ஸெனட் மசோதாவை நிறைவேற்றியதும் அதே செப்டம்பர் 13!

ஆயினும் இதில் ஒரு நல்ல ஷரத்து உண்டு. சந்தை விலை ஏறினால் பணம் ஜனங்களுக்குத் திரும்பவேண்டும். 2022-ல் அப்படியே பில்லில் கழிவு கிடைத்தது. 2016 சட்டத்தில் இந்த ஏற்பாடு இல்லை. இடையில் நடந்தது என்ன? ஊழல் அம்பலமாயிற்று, கம்பெனியின் கணக்கைச் சர்க்கார் தணிக்கை செய்வித்தது.

ஒரு மசோதாவுக்கு ஒரே பொருள், மூன்று தனித்தனி நாட்களில் வாசிப்பு—இது இல்லினாய் அரசியல் சட்டம். சம்பந்தமில்லாத விஷயங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு குற்றச் சட்டத்தை 1999-ல் ராஜ்ய சுப்ரீம் கோர்ட் ரத்தும் செய்தது. ஆனால் நடைமுறை என்ன? வெற்று மசோதா ஒன்று வாசிப்புகளை முடித்துக்கொண்டு காத்திருக்கும். கடைசி நேரத்தில் திருத்தம் என்ற பெயரில் முழுச் சட்டமும் உள்ளே நுழையும்.

ஆகவே தோழர்களே, மசோதாவின் பெயரைப் பார்த்து நாம் கை தட்டவும் வேண்டாம், கறுப்புக் கொடி பிடிக்கவும் வேண்டாம். ஷரத்து ஷரத்தாகப் படிப்போம். யார் கொடுக்கிறார்? யார் பெறுகிறார்? கணக்கை யார் பார்க்கிறார்? படிக்க எத்தனை நாள் கொடுத்தார்கள்? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை வாங்கிய பிறகே நம் முடிவைச் சொல்வோம்.