வளவுக்குள் ஒரு மூங்கில் புதர்

(வீட்டுத்தோட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஊருக்குத் திரும்பி வந்த கையோடு எல்லாருக்கும் தேவைப்படுவது தடி. கொட்டிலுக்கு வரிச்சு வேண்டும், பயற்றைக்கும் பாகலுக்கும் பந்தல் வேண்டும், கோழிக்கூடு அடிக்க வேண்டும். தடி தேடிக் காட்டுக்குள் போக வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். கண்ணிவெடி அகற்றி முடியாத இடத்தில் ஒரு தடிக்காகக் காலைப் பறிகொடுக்கக் கூடாது. ஆனால் தேவை தேவைதானே. அதனால்தான் மூங்கிலைப் பற்றிப் பேச வந்தேன்.

மூங்கில் வளவு முழுக்கப் பரவிவிடும் என்று சிலர் பயப்படுகிறீர்கள். கிழங்கு நிலத்தடியில் ஓடித் தூரத்தில் முளைக்கிற சாதி வேறு. நம் நாட்டு ஆற்றங்கரைகளில் நிற்கும் மஞ்சள் மூங்கில் புதராக வளர்வது. அதன் கிழங்கு குட்டை. புது முளை தாய்த்தடிக்குப் பக்கத்திலேயே வரும். புதர் வருடாவருடம் சற்றுப் பெருக்கும், ஓடாது. முள்மூங்கிலும் ஓடாதுதான், ஆனால் பிள்ளைகள் திரியும் வளவுக்கு அது சரிவராது.

ஓடாது என்பதற்காக எல்லை வேலியோரம் வைக்காதீர்கள். எல்லைக்கல் காணாமற்போன காணிகள் பல. பிறகு அயலாரோடு வழக்குத்தான். வீட்டுக்கும் கிணற்றுக்கும் 20 அடியாவது தள்ளி, குளிக்கிற தண்ணீர் ஓடும் பக்கமாக வையுங்கள். வெடி அகற்றி ஒப்படைத்த காணியில் மட்டும் கிடங்கு வெட்டுங்கள். சந்தேகமான பொருள் தென்பட்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பிப் போய்க் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள்.

விதைக்கு அலைய வேண்டாம். ஒன்றிரண்டு வயதுத் தடியில், கணுவில் உயிர்முளை உள்ள பகுதியை இரண்டு மூன்று கணுவோடு வெட்டி, நிழலில் மூன்று விரற்கடை ஆழத்தில் படுக்கையாகப் புதைத்து ஈரம் காயாமல் பாருங்கள். ஆடி, ஆவணியில் புதைத்தால் மாரி மழைக்கு வேர்பிடித்த கன்று கிடைக்கும். இரண்டடிக் கிடங்கில் எருவும் மேல்மண்ணும் கலந்து நடுங்கள். முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆடு மாடு இளம் முளையை விடாது, சுற்றி அடைப்புப் போடுங்கள்.

நாலு வருடம் கத்தி வைக்காதீர்கள். அதுதான் கஷ்டம், தெரியும். மூங்கில் முளைக்கும்போதே தன் பருமனோடு வரும், பிறகு பெருக்காது. புதர் வலுத்தால்தான் அடுத்த முளை தடிப்பாக வரும். பிறகும் மூன்று வயது கடந்த தடியையே வெட்டுங்கள்; முளைக்கிற வருடத்தைத் தடியில் பெயின்றால் குறித்தால் குழப்பம் இல்லை. கணுவுக்குச் சற்று மேலே ஒட்ட வெட்டுங்கள். குழல்போல் விட்டால் மழைத்தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும்.

வெட்டிய தடியை இரண்டு மூன்று கிழமை தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவிட்டால் உளுப்பது குறையும். பருத்த தடியில் ஒரு துண்டை அம்மாமார் எடுத்து வையுங்கள், புட்டுக்குழலுக்கு ஆகும்.