நாணயத்தின் நாணயம்



திருவனந்தபுரத்தில் கோட்டையை அடுத்து ஸ்ரீவராகம் என்றொரு பகுதி உண்டு. அங்கே கோயில் கொண்ட வராகப் பெருமாளே அப்பெயருக்குக் காரணம். தென்னாட்டில் வழங்கிய பொற்காசு ஒன்றுக்கு வராகன் என்ற பெயர் வந்ததும் அதே பன்றி வடிவத்தினால்தான். ஆகவே ஸ்ரீவராகத்தில் இருந்துகொண்டு பழங்காசுகளைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், இணையவழி ஏலங்களில் உலவும் போலிக் காசுகளும் அவற்றைக் கண்டு தடுக்கும் வழிகளும் ஆகும்.

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர்க்கு இதனோடு என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் சுருக்குப்பைகளில் இருந்தது திருவிதாங்கூர்ச் சக்கரமே. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கோ 28½ சக்கரம் கொடுக்க வேண்டும். வெள்ளிச் சக்கரம் மிகச் சிறிது. குழிகள் வெட்டிய மரப்பலகையில் அவற்றைக் கொட்டி அசைத்து, குழிக்கு ஒன்றாக விழச்செய்து எண்ணினார்கள். 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான பின்னர், அந்தக் காசுகள் செலாவணியிலிருந்து மறைந்து பெட்டிகளுக்குள் தங்கிவிட்டன.

ஊரை விட்டு வந்தவர்களுக்குப் பிறந்த மண்ணின் காசு ஒன்றைக் கையில் வைத்துப் பார்க்க ஆசை பிறப்பது இயல்பு. அந்த ஆசையே ஏமாற்றுவோருக்கு முதலாகிறது.

போலிகள் மூவகைப்படும். முதல் வகை, என்றுமே இல்லாத காசு. 1818 என்று ஆண்டு பொறித்து, ஒரு புறம் இராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ, மறுபுறம் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரும் ஓரணா என்ற மதிப்பும் கொண்ட செப்புத் துண்டுகள் ஏராளமாக விற்கப்படுகின்றன. கும்பினியார் அப்படியொரு காசை அடித்ததே இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் ஓரணா, ஏழாம் எட்வர்டு மன்னர் காலத்தில், 1907இல்தான் நிக்கல் கலந்த காசாக வெளிவந்தது. இந்தத் துண்டுக்கு அரிசியை இழுக்கும் சக்தி உண்டென்று சொல்லி இலட்சக்கணக்கில் விலை பேசுவோரும் உளர்.

இரண்டாம் வகையில் காசு மெய், கதை பொய். சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்து அரை ரூபாயில் 1112 என்ற ஆண்டைக் காணலாம். அது கொல்லம் ஆண்டு. அதனோடு 824 அல்லது 825ஐக் கூட்டினால் 1936–37 என்று வரும். இதை அறியாதவரிடம், காசு 900 ஆண்டுப் பழமையானது என்று சொல்லி விற்றுவிடலாம் அன்றோ?

மூன்றாம் வகையே மிகவும் கொடியது. மெய்க்காசைக் கொண்டு அச்செடுத்து வார்த்த நகல் அது. அதைக் காட்டிக்கொடுப்பது எடையும் விளிம்பும். 1939 வரையிலான வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. நூலிற் கட்டி நீரில் தொங்கவிட்டு நிறுத்தால், மெய்க்காசின் எடை ஏறக்குறைய 1.13 கிராம் குறையும். செம்பும் நிக்கலும் கலந்து அதே எடைக்குச் செய்த போலி 1.3 கிராம் அளவுக்குக் குறையும். அச்சில் அடித்த காசில் எழுத்துகள் கூர்மையாக இருக்கும். வார்த்த காசிலோ எழுத்து மழுங்கி, பரப்பில் ஊசிமுனைக் குழிகளும், விளிம்பில் மெல்லிய பொருத்துக்கோடும் தென்படும்.

ஆனால் ஏலத்தில் காசு நம் கைக்கு வருவதில்லை, படந்தான் வருகிறது. அங்கே சேகரிப்பாளர்களுக்குக் கைகொடுப்பது ஒப்புநோக்கும் பழக்கமே. புழக்கத்தில் தேய்ந்த இரு காசுகளுக்கு ஒரே இடத்தில் ஒரே கீறல் இராது. வெவ்வேறு காசுகள் என்று சொல்லி விற்கப்படும் இரண்டில் ஒரே கீறல் காணப்படுமாயின், குறைந்தது ஒன்றேனும் நகல். அல்லது ஒரே படத்தை இருவர் பயன்படுத்துகின்றனர். பழைய ஏலப் பட்டியல்களைச் சேர்த்து வைத்திருப்போர் இதை விரைவில் கண்டுகொள்வர்.

கண்டபின் செய்ய வேண்டியது யாது? விற்பவரிடம் எடையையும் விளிம்பின் படத்தையும் முதலில் கேட்க வேண்டும். நேர்மையாளர் மகிழ்ந்து தருவார், மற்றவர் மௌனமாவார். தாத்தா வைத்துப்போன காசை ஒன்றும் அறியாமல் விற்க வந்த எளியவரும் அவர்களில் இருக்கலாம். ஆதலால் எடுத்த எடுப்பில் ஒருவரைத் திருடர் என்று தூற்றுதல் தகாது. ஐயம் உறுதியானால், ஆதாரத்தோடு ஏலம் நடத்தும் நிறுவனத்துக்கு முறையிடலாம். இத்தகைய விழிப்பினால் பலன் உண்டு. அமெரிக்காவில் 1973இல் இயற்றிய சட்டம், நகற்காசில் நகல் என்றே பொறிக்கப்பட வேண்டும் என விதித்தது. ஈபே நிறுவனம் 2012இல் நகற்காசு விற்பனையையே விலக்கியது.

இன்னொரு மோசடி வாங்குவோரை விட்டு, விற்போரைத் தேடி வருகிறது. "உங்கள் காசுக்கு இலட்ச ரூபாய் தருகிறோம், முன்னதாக வரியும் கட்டணமும் செலுத்துங்கள்" என்று ரிசர்வ் வங்கியின் பெயரால் செய்தி வரும். தான் அத்தகைய வாணிகத்தில் ஈடுபடுவதில்லை என்றும், எக்கட்டணமும் கேட்பதில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்தது. பணத்தைப் பறிகொடுத்தவர்கள் சிறிதும் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் முறையிட வேண்டும்.

நூறாண்டு கடந்த காசு, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு விற்று அனுப்பலாகாது. வாணிகமாக விற்போர் உரிமம் பெற வேண்டும். அதையும் கேட்டறிவது நம் கடமை.

விடுமுறையில் இப்பக்கம் வருவோர், திருவனந்தபுரத்தை அடுத்த நெடுமங்காட்டில் கோயிக்கல் அரண்மனையின் நாணயக் காட்சியகத்தைக் காணலாம். மெய்க்காசைப் பார்த்துப் பழகிய கண்ணே போலியை முதலில் உணரும். வீட்டில் பழங்காசு இருப்பின் புளியிட்டு விளக்காமல், எடையைக் குறித்து, அது யாரிடமிருந்து எவ்வூரில் வந்தது என்று ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். போலி செய்வோர் எழுத்தையும் உருவத்தையும் வார்த்துவிடுவர்; அந்தச் சீட்டில் உள்ள குடும்ப வரலாற்றை வார்க்க முடியாது. காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல்லை வழங்கும் மொழி நம்முடையது. அச்சொல்லின் இரு பொருளும் பிரியாமல் காப்போமாக.