சாட்சிக் கையொப்பம்



முதியோரைப் போற்றுதல் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தனர். போற்றுதல் பற்றிப் பேசுவோர் பலருளர். ஆதலின் நாம் உறுதிகளைப் பற்றிப் பேசுகின்றோம்.

முதியோர் படும் துன்பம் அடியிலும் ஏச்சிலும் மட்டுமன்று, ஒரு கையொப்பத்திலும் தொடங்குவதுண்டு. தாயொருவர் வீடு வளவைப் பிள்ளைக்கு நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுக்கின்றார். சீவிய உரித்து ஒதுக்கப்பட்டிருப்பின், உயிருள்ளவரை அவ்வீட்டில் இருக்கவும் வளவின் பலனை அனுபவிக்கவும் அவருக்கு உரிமையுண்டு. அவ்வொரு வரி விடுபட்டால், நேற்றுவரை வீட்டுக்காரியாயிருந்தவர் இன்று பிள்ளையின் தயவில் இருப்பவராகின்றார். முதலில் அறை மாறும். பின்னர் சாப்பாட்டு நேரம் மாறும். வங்கிப் புத்தகம் வேறொருவர் அலுமாரிக்குப் போகும். வெளிநாட்டிலுள்ள மகன் காசு அனுப்புகின்றானே என்பர் அயலார். காசு வருவது வேறு, அது ஆச்சியின் கஞ்சிக் கோப்பையை அடைவது வேறு.

காணி உறுதி நொத்தாரிசின் முன்னும் இரு சாட்சிகளின் முன்னும் ஒப்பமிடப்படல் வேண்டுமென்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். “தம்பி, ஒருக்கா வந்து கையெழுத்து வைச்சிட்டுப் போம்” என்று நம் போன்ற இளைஞரையும் அழைப்பதுண்டு. உறுதியை வாசித்து விளக்குவது நொத்தாரிசின் கடமை. ஆயினும் காது மந்தமான ஒருவருக்கு அது விளங்கிற்றா என்று வினவச் சாட்சிக்கு வாயில்லையா? “ஆச்சி, நீங்கள் இருக்குமட்டும் வீடு உங்களுக்கெண்டு இதிலை எழுதியிருக்கோ?” இவ்வளவே கேள்வி. பெரியவர் காரியத்தில் சிறுவர் தலையிடுவதா எனச் சிலர் முகஞ் சுளிப்பர். சுளித்தாலும் கேட்கத்தான் வேண்டும்.

கொடுத்தபின் வழியே இல்லையென்பதன்று. பெருநன்றிகேடு காட்டிய பிள்ளைக்கு எழுதிய உறுதியை நீக்குவிக்க, 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடலாம். எண்பது வயதில் அப்படியேறுவது இலகுவன்று. தம்மைப் பராமரிக்க இயலாத பெற்றோருக்கு 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வேறொரு வழி வைத்துள்ளது. பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பித்து, பிள்ளைகள் மாதந்தோறும் பணம் செலுத்தும்படி கட்டளை பெறலாம். விபரம் பிரதேச செயலகத்திற் கேட்கலாம். அடிக்கும் பிள்ளைக்கெதிராக 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை வழங்கும்.

எழுதப்போகும் உறுதியின் நகலை யாரேனும் ஆறுதலாக வாசித்துக் காட்டவேண்டுமென விரும்பும் பெரியோர் சனிக்கிழமை மாலைகளில் மன்ற வாசிகசாலைக்கு வரலாம். நடக்க இயலாதோர் சொல்லியனுப்பினால் நாமே வருவோம்.