அடைக்கலமாக வந்த பல்லி



பல்லியைப் பற்றியும் ஓர் இலக்கிய உரையா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நம் முன்னோர் அப்படி எண்ணவில்லை. குறுந்தொகையின் 16ஆம் பாடலிலே பாலை பாடிய பெருங்கடுங்கோ, பல்லி தன் துணையை அழைக்கும் ஒலிக்கு ஓர் உவமை தருகிறார். கள்வர் தம் அம்பு முனையை நகத்தில் வைத்துப் புரட்டும்போது எழும் ஓசை போன்றது அது என்கிறார். அந்தச் சிற்றொலியைக் கேட்டாவது பிரிந்து சென்றவர் நம்மை நினைக்கமாட்டாரோ என்பதே பாடலின் கேள்வி.

நான் சொல்லவந்த பல்லி பாலைநிலத்தது. ஆனால் நான் அதைக் கண்டது குளிர்நாட்டில். ஒரு விடுமுறையிற் கனடாவின் ரொறன்ரோ நகரில் என் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். பன்னிரண்டு வயது மருமகன் கண்ணாடித் தொட்டியொன்றில் ‘லெப்பேர்ட் கெக்கோ’ வளர்க்கிறான். சிறுத்தைப் பல்லி எனலாம். மஞ்சள் உடலெங்கும் கரும்புள்ளிகள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இடங்களின் வறண்ட கற்பாங்கான நிலங்களே அதன் தாயகம். அங்குள்ள மக்கள் பலர் அதை நஞ்சுள்ளதென்று அஞ்சுவார்களாம். உண்மையில் அதற்கு நஞ்சில்லை. நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இமை இல்லை, இதற்கு உண்டு. கண்ணை மூடி உறங்கும். ஆனால் விரல்களில் ஒட்டும் தன்மை இல்லாததால் கண்ணாடியில் ஏறமாட்டாது. தடித்த வாலிலே கொழுப்பைச் சேமித்து வைத்திருக்கும்.

தங்கை குடும்பத்தினர் ஆறு நாட் பயணமாகப் புறப்பட்டனர். மருமகன் என் கையில் ஒரு தாளைத் தந்தான். ஒன்றுவிட்ட ஒருநாள், பொழுதுபட்ட பிறகு, ஐந்து சில்லூறு. பல்லியின் இரு கண்களுக்கு இடையேயுள்ள அகலத்துக்கு மேற்பட்ட பூச்சி வேண்டாம். கல்சியத் தூளில் உருட்டிக் கொடுக்கவேண்டும். தின்னாமல் விட்டதைத் திரும்ப எடுத்துவிடவேண்டும். இல்லாவிட்டாற் சில்லூறு பல்லியைக் கடிக்கும். தண்ணீர் தினமும் மாற்றவேண்டும். சூடேற்றும் விரிப்பை நிறுத்தவே கூடாது. வயிற்றிலே சூடு படாவிட்டால் உண்டது செரிக்காது. வாலைப் பிடித்துத் தூக்கினால் வால் கழன்றுவிடும். “மாமா, அவர் வடிவாச் சாப்பிடுவார், பயப்பிடாதேங்கோ” என்று எனக்குத் தைரியமும் சொன்னான்.

நேயர்களே, நான் பிறந்தது முதல் மரக்கறி உணவு உண்பவன். வகுப்பிலே கொல்லாமை அதிகாரத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பிப்பவன். அந்தக் கையாற் சாமணத்தை எடுத்து உயிருள்ள சில்லூறைப் பிடித்தேன். பல்லி மெல்ல வந்தது, வால்நுனியை அசைத்தது, மறுகணம் சில்லூறு இல்லை. எஞ்சிய சில்லூறுகள் இருந்த பெட்டிக்குள் கரட் துண்டு போட்டேன். அவற்றுக்கு நல்ல உணவு கொடுத்தால்தான் பல்லிக்கும் நல்லதாம். அன்றிரவு அவை கத்திக்கொண்டே இருந்தன. எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த முறை வந்தபோது நான் சாமணத்தைத் தொடவில்லை. வளர்ந்த பல்லி வாற்கொழுப்பைக் கொண்டு ஒரு வாரமும் பசி தாங்கும் என்று படித்திருந்தேன். ஒருநாள் தவறினால் என்ன? சில்லூறுகளும் பிழைக்கட்டும், என் விரதமும் பிழைக்கட்டும் என்று நினைத்தேன். அந்த வேளையிலே தொலைபேசி மணி அடித்தது.

“மாமா, அவர் சாப்பிட்டவரோ?”

“ஓம் ராசா, சாப்பிட்டவர்” என்றேன்.

ஒளிக்காமற் சொல்கிறேன், பொய் சொன்னேன். கொல்லாமையைக் காக்கப்போய் வாய்மையை விட்டேன். தொட்டியருகே வந்து பார்த்தால், பல்லி தன் மறைவிடத்திலிருந்து வெளியே வந்து கண்ணாடியோரம் நின்றது.

அப்போது சிபிச் சக்கரவர்த்தியின் நினைவு வந்தது. புறாவுக்காகத் துலாக்கோலில் ஏறிய அம்மன்னனைச் சோழர் குலமுதல்வனாகப் புறநானூறு போற்றுகிறது. மகாபாரதத்திலே அக்கதை வருமிடத்திற் பருந்தும் பேசுகிறது. நீ புறாவைக் காப்பாற்றினாய், என் பசிக்கும் என் பிள்ளைகள் பசிக்கும் என்ன வழி என்று கேட்கிறது. புறாவின் பக்கத்தையே பாடமாக்கிய நான் பருந்தின் கேள்வியை அவ்வளவாகக் கற்பித்ததில்லை. சிபி தன் தசையை அரிந்து கொடுத்தான். என் தசையைப் பல்லி கேட்கவில்லை. அதன் உணவைத்தான் கேட்டது. தானாக இரை தேடித் திரியக்கூடிய உயிரைக் கண்ணாடிக்குள் வைத்த பிறகு, அதன் பசிக்கு மனிதனே பொறுப்பு. என் தூய்மையின் செலவை அந்தப் பல்லியின் வயிற்றில் எழுதப் பார்த்தேன்.

சிலப்பதிகாரத்திலே கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குலத்து மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். கவுந்தியடிகள் சமணத் துறவி.  அவர் அடைக்கலத்தின் பெருமையை விரித்துரைத்த பின்பே ஒப்படைக்கிறார். அடைக்கலம் தவறிப்போனதை அறிந்த மாதரி தீப்புகுந்தாள். ஒரு பல்லிக்காக மாதரியை இழுப்பது மிகையென்று தோன்றலாம். ஆனால் ஒப்படைத்தவன் ஒரு சிறுவன். அவனுக்கு அது சிறிய பொருளன்று.

அன்றிரவே ஐந்து சில்லூறுகளையும் கொடுத்தேன். கை நடுங்கவே செய்தது. அந்த ஐந்தின் கணக்கு இன்றும் என் மனதில் தீரவில்லை; தீரவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். அவர்கள் திரும்பி வந்ததும் மருமகன் முதலில் ஓடியது தொட்டிக்குத்தான். வாலைப் பார்த்தான், தடிப்புக் குறையவில்லை. நான் அவனை அருகில் இருத்தி, தொலைபேசியிற் சொன்ன பொய்யைச் சொன்னேன். அவன் சற்று யோசித்தான்.

“பிறகு குடுத்தனீங்கள்தானே, மாமா?” என்றான்.