முதல் பிள்ளை ஆபரேஷனில் பிறந்த தாய்மாருக்காக

(ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூடுகையில் சாப்ளின் ஐயர் ஆற்றிய உரை)



 முதல் பிள்ளையை சிசேரியனில் பெற்று, அடுத்த பிள்ளையை ஆபரேஷன் இல்லாமல் பெற விரும்பி எங்கள் பிரசவ வார்டுக்கு வருகிற தாய்மாரைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறோம்.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 100-க்கு ஏறத்தாழ 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் 60-க்கும் மேல். அந்தத் தாய்மார் மறுபடி கர்ப்பந்தரித்தால், டாக்டரைப் பார்க்குமுன்னே வீட்டார் முடிவு சொல்லிவிடுகிறார்கள்: "மொதலாவது ஆபரேஷன்னா ரெண்டாவதும் ஆபரேஷன்தான். அதோட சேத்துக் குடும்பக்கட்டுப்பாடும் பண்ணிரலாம்." நாளும் நேரமும் குறித்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு; விசுவாசக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல.

இது பழைய எண்ணம். 1916-இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் க்ராகின் இப்படி எழுதினார். அன்று கர்ப்பப்பையை நெடுக்காகக் கீறினார்கள். அடுத்த வலியில் அந்தத் தழும்பு விட்டுப்போகும் பயம் மெய்யானது. இன்று பெரும்பாலும் கீழ்ப்பாகத்தில் குறுக்காகக் கீறுகிறார்கள். அப்படிக் கீறப்பட்டு, வேறு தடையில்லாத தாய்மார் முயன்றால் 100-க்கு 60 முதல் 80 பேர் வரை இயல்பாகவே பெற்றெடுக்கிறார்கள். ஆனால் வயிற்றின் மேல் தெரிகிற தழும்பைப் பார்த்து உள்ளே எப்படிக் கீறினார்கள் என்று சொல்ல முடியாது. பழைய டிஸ்சார்ஜ் சீட்டில்தான் அது இருக்கும். வேதப்புத்தகத்துக்குள் வைத்தாவது அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தும்படி உங்கள் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஆபத்தே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. முயலுகிறவர்களில் ஏறத்தாழ 200-க்கு ஒருவருக்குத் தழும்பு விட்டுப்போகிறது. அப்பொழுது பிள்ளையின் இருதயத் துடிப்பு இறங்கும். நிமிஷக்கணக்கில் தியேட்டருக்குப் போகவேண்டும். ஆகவே வீட்டில் இதை முயலவே கூடாது. மறுபக்கம், ஆபரேஷன் மேல் ஆபரேஷன் செய்யும்போது, பின்வரும் கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாக ஒட்டிக்கொண்டு பெரும் இரத்தப்போக்கை உண்டாக்கும் அபாயம் ஒவ்வொரு தடவையும் கூடுகிறது. இரண்டையும் டாக்டர் எடுத்துச் சொல்லி, தாய் தானே தீர்மானிக்கவேண்டும்.

ஒரு மாமியார் எங்களிடம், "ஐயா, இந்தத் தடவ கத்தி படாம பிள்ள பொறக்கணும்னு ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். மருமகள் தலைகுனிந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "தாயும் பிள்ளையும் சுகமாயிருக்கும்படி ஜெபிக்கிறோம் அம்மா" என்றோம். மருமகள் அப்பொழுதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அன்றிரவு வெகுநேரம் வலியோடு முயன்றும், கடைசியில் ஆபரேஷன் தேவைப்பட்டது. ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் என்ன எழுதுவது என்று மறுநாள் கணவர் வந்து கேட்டார். "பிள்ளைப்பேறு" என்று எழுதச் சொன்னோம். நம் சபைகளில் "சுகப்பிரசவத்திற்காக" என்று வாசிக்கப்படும்போதெல்லாம், ஆபரேஷனில் பெற்ற சகோதரி ஒருத்தி பின்பெஞ்சில் தன் ஜெபம் கேட்கப்படவில்லையோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். சபைக் குருவானவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

இனிப் பணத்தைப் பற்றி. குறித்த நாளில் செய்யும் சிசேரியன் ஒரு மணிநேரத்துக்குள் முடிந்துவிடும்; பில்லும் பெரிது. வலிக்குக் காத்திருக்கும் தாய்க்கோ ஒரு நர்ஸ் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் பக்கத்திலேயே இருந்து பிள்ளையின் துடிப்பைப் பார்க்கவேண்டும். தியேட்டர் ஆயத்தமாக, மயக்க மருந்து டாக்டர் வளாகத்திலேயே, பொருந்தும் இரத்தம் கைவசம் இருக்கவேண்டும். இவ்வளவும் செய்தபின் இயல்பாகப் பிறந்துவிட்டால் ஏழைத் தாயிடம் வாங்குவது சிறிய தொகை. கணக்குப் பார்க்கிற எந்த ஆஸ்பத்திரிக்கும் காத்திருப்பது நஷ்டம்தான். அந்த நஷ்டத்தைத்தான் உங்கள் காணிக்கை சுமக்கிறது.

வருகிற அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கை இரவு நர்ஸ்மார் சம்பளத்துக்கென்று குறித்து அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். துடிப்புப் பார்க்கும் மெஷினும் இன்னொன்று வேண்டும். இப்பொழுது இருக்கிற ஒன்றையே கட்டிலுக்குக் கட்டில் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.