அயலார் யார்? – தீங்கியல் சட்டம் குறித்த உரை



வெள்ளி விழாக் காணும் இக்கழகம் தீங்கியல் சட்டத்தின் அடிப்படைகளை எடுத்துரைக்குமாறு நம்மைப் பணித்தது. நாம் வழக்கறிஞர் அல்லோம், ஆசிரியர். ஆதலின் வகுப்பறை முறையிலேயே விளக்க முற்படுகிறோம்.

ஒருவர் மற்றவருக்கு இழைக்கும் தீங்கைச் சட்டம் இருவழிகளில் நோக்குகிறது. அதனைக் குற்றமெனக் கொண்டு அரசே வழக்கு நடத்தித் தண்டனை கோருவது ஒன்று. தீங்குற்றவர் தாமே உரிமையியல் நீதிமன்றத்தை அணுகி இழப்பீடு கோருவது மற்றொன்று. இந்த இரண்டாம் வழியே தீங்கியல். அடித்தவன் சிறை சென்றதால் மட்டும் அடிபட்டவர் வீட்டில் உலை கொதிப்பதில்லை. அதனாலேயே இவ்வழி வேண்டியதாயிற்று.

தெரிந்தே செய்யும் தீங்குகளை முதலிற் காண்போம். அடித்தல், அடிக்கப்போவதாக அஞ்சச் செய்தல், வெளியேற விடாது அடைத்து வைத்தல், பிறர் நிலத்தில் அத்துமீறி நுழைதல், பொய் கூறிப் பெயரைக் கெடுத்தல் ஆகியன இவ்வகையின. முன்பணம் தீரவில்லையென்று ஒரு தொழிலாளியை ஆலைக்குள் ஓரிரவு பூட்டி வைத்தால், உடலில் ஒரு கீறலும் இல்லையாயினும் அது தீங்கே. உரிமை மீறப்பட்டதே வழக்குக்குப் போதுமானது.

கவனக்குறைவு வேறு வகை. அங்கே கெடுக்கும் எண்ணம் இல்லை. காட்ட வேண்டிய கவனத்தைக் காட்டாமையே பிழை. மூன்றனை மெய்ப்பித்தல் வேண்டும்: கவனமாக நடக்கும் கடமை இருந்தது; அது மீறப்பட்டது; அம்மீறலால் சேதம் விளைந்தது. நம் பகுதி எண்ணெய் ஆலையொன்றில் ஓடும் பெல்ட்டுக்குத் தடுப்புக் கூண்டு இல்லாமையால் ஒருவர் விரல்களை இழந்தால், இம்மூன்றும் அங்கே உள்ளன.

அக்கடமை யாருக்கு உரியது? 1928-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு பெண்மணி அருந்திய இஞ்சிப் பானப் புட்டியில் செத்த நத்தை கிடந்ததாக வழக்கு எழுந்தது. பானத்தை வாங்கித் தந்தவர் அவருடைய நண்பர். தயாரித்தவருக்கும் அப்பெண்மணிக்கும் ஒப்பந்தம் ஏதுமில்லை. எனினும் கடமை உண்டென்று 1932-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நம் செயலால் நெருங்கிப் பாதிக்கப்படுவார் என்று முன்னறியக் கூடியவர் எவரோ, அவரே சட்டத்தின்முன் நம் அயலார் என்பது அட்கின் பிரபுவின் விளக்கம்.

அன்பர்களே! ஊர் என்றும் வளவு என்றும் பிரித்து அயலாரைத் தீர்மானித்த மண் இது. இச்சட்டமோ தெருவைக் கேட்பதில்லை. 'உன் செயல் யாரைத் தொடும்?' என்றே கேட்கிறது.

நம் காங்கேயம் வட்டாரத்து ஒரத்துப்பாளையத்தை நோக்குங்கள். பாசனத்திற்கென 1992-இல் நொய்யலின் குறுக்கே எழுந்த அணையில், திருப்பூர்ச் சாய, சலவை ஆலைகளின் கழிவு தேங்கியது. கிணறுகளும் வயல்களும் கெட்டன. ஆற்றின் மேற்பகுதியில் இருப்பவருக்குக் கீழ்ப்பகுதியார் அயலாரே. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறிப்படி 2004-இல் உழவர்களுக்கு இழப்பீடு விதிக்கப்பட்டது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறலாகாது என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அது நிறைவேறாமை கண்டு 2011-இல் சாய ஆலைகளை மூடச் சொன்னது. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. இழப்பீடு நிலத்தை வைத்து அளக்கப்பட்டது. அந்நிலத்தில் களையெடுத்துக் கூலி பெற்றவர் இழந்த நாட்களை எந்தப் பட்டா காட்டும்? நம் பிள்ளைகள் சட்டம் பயில வேண்டுவது இவ்வினாவை எழுப்பவே.

மலக்குழி மரணங்களிலும் இதனைக் காண்கிறோம். 1993 முதல் அவ்வாறு இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. இது கருணைத் தொகை அன்று. கடமை தவறியதற்கான ஈடு. ஆதலின் இழவு வீட்டு வாசலில் சில ஆயிரங்களை நீட்டி, எழுதாத தாளில் கைநாட்டுக் கேட்பாராயின், எவரும் இடலாகாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது காலம்: அடைத்து வைத்தல், அவதூறு ஆகியவற்றுக்கு ஓராண்டுக்குள் வழக்கிடல் வேண்டும், பிறர் தவறால் உயிரிழந்தவரின் குடும்பத்தார்க்கு 1855-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஈராண்டுக் காலம் உண்டு. இரண்டாவது சான்று: மருத்துவச் சீட்டு, கூலிக் கணக்கு, உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றைப் பேணுக. மூன்றாவது துணை: 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பட்டியல் சாதியினர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுதல் போதும்.

மகாடு சவுதார் குளத்தில் 1927-இல் அண்ணல் அம்பேத்கர் நீர் பருகியபின், குளம் தமக்கே உரியதென்று சாதி இந்துக்கள் தொடுத்ததும் உரிமையியல் வழக்கே. அண்ணல் பத்தாண்டு சலியாது வழக்காடினார்; 1937-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. நீதிமன்றப் படிகள் நமக்கும் உரியவை. அவற்றில் ஏறும் கல்வியை இக்கழகம் மேலும் பல்லாண்டு வழங்குக என வாழ்த்தி அமைகிறோம்.